நடு அடுக்கு விற்பனைக்கு இல்லை

சாய்ந்தமருது,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் றிபாவும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். தோஹாவில் உங்கள் உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க ஐவேளையும் துஆச் செய்கிறேன்.

தினமும் போனில் கதைக்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் உங்கள் அறையில் நாலு பேர் இருப்பார்கள், இங்கே றிபா போனைப் பறிப்பாள். நான் ஒன்றைத் தொடங்கி முடிப்பதற்குள் "சரி சரி, பிறகு கதைப்பம்" என்பீர்கள். இதை இடையில் வெட்ட முடியாதபடி சொல்ல வேண்டும். ஆகவே எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறேன். அறையில் ஆளில்லாத நேரம் பார்த்து வாசியுங்கள்.

முதலில் வீட்டுப் புதினம். றிபாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களுக்குக் காட்டுவதற்காகத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். மாமியின் வயல் வெட்டு முடிந்தது. மழை இறங்குவதற்கு முன் நெல் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அந்தச் சந்தோஷம் மாமிக்கு இரண்டு நாள் கூட நிலைக்கவில்லை. காரணம் நான்.

வியாழக்கிழமை உங்கள் கூட்டாளி றஸ்மி கொழும்பிலிருந்து கொம்பனி வாகனத்தில் வந்தார். வழியில் மாமியையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். அதைக் குடித்துக்கொண்டே ஒரு ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தார். "ஒங்கட மாப்புள அப்ராஸ் ஓம் எண்டு சொல்லிட்டான் தங்கச்சி. இனி ஒங்கட கையெழுத்து மட்டும்தான் மிச்சம்" என்றார்.

எதற்கு ஓம் என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவர் நம்பவில்லை. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

பிறகுதான் வாசித்தேன். நீங்களும் நானும் சேர்ந்து எழுதிய டிஸ்பென்சரி மென்பொருளை றஸ்மியின் கொம்பனி முழுதாக வாங்கிக்கொள்ளும். அன்றிலிருந்து அது கொம்பனி விற்கிற தரவுத்தளத்தோடு மட்டும் இணையும். மற்றத் தளங்களுக்குப் போகிற வழிகளையெல்லாம் நாங்களே வெட்டிக் கொடுக்க வேண்டும். பதிலுக்குக் கொழும்பு அலுவலகத்தில் உங்களுக்கு நல்ல பதவி. ஹஜ்ஜுப் பெருநாளோடு நீங்கள் ஊருக்கு வந்துவிடலாம்.

மச்சான், நீங்கள் வருவீர்கள் என்ற வரியை நான் மூன்று நாலு தரம் வாசித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

நீங்கள் எப்போது என்னைக் கேட்டீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நோன்பின் கடைசிப் பத்தில் ஒரு நாள், "கொம்பனிக்காரர் கேக்கிறாங்க, குடுத்தா என்ன?" என்றீர்கள். அந்த நேரம் றிபா சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள். போனை வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து எடுத்தபோது லைன் இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கதையை எடுக்கவே இல்லை. நான் அதைச் சும்மா பேச்சு என்று விட்டுவிட்டேன். நீங்கள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு றஸ்மியிடம் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

மாமி பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டார். றஸ்மி போன பிறகு, அவன் விற்கச் சொல்கிற அந்தச் சாமான்தான் என்ன என்று விசாரித்தார். நானும் சொன்னேன். ஒவ்வொரு டிஸ்பென்சரியும் நோயாளிகளின் விபரத்தை ஒவ்வொரு விதமான தளத்தில் வைத்திருக்கிறது. ஒன்றின் பாஷை மற்றதற்கு விளங்காது. எங்கள் மென்பொருள் எந்தத் தளத்தோடும் நேரே கதைப்பதில்லை. நடுவில் ஒரு அடுக்கு இருக்கிறது. இந்த ஆளுக்குக் கடைசியாக என்ன மருந்து கொடுத்தார்கள் என்று மேலே இருந்து கேட்டால், நடு அடுக்கு அதை அந்தந்தத் தளத்தின் பாஷையில் மாற்றிக் கேட்டு, பதிலை ஒரே மாதிரியாகக் கொண்டுவந்து தரும். அப்படி மாற்றித் தருகிற துண்டுக்கு ட்ரைவர் என்று பெயர். தளத்துக்கு ஒரு ட்ரைவர். தளம் மாறினால் ட்ரைவரை மாற்றினால் போதும், மேலே இருக்கிற எதையும் தொடத் தேவையில்லை.

"ட்ரைவர் எண்டா வேன் ஓடுறவன் மாதிரியா?" என்றார் மாமி. கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். "எல்லாம் சரி மகள். என்ட புள்ள வாறதுக்கு ஒரு வழி தொறக்கிற நேரம், நீ ஏன்கா அத அடைக்கிறாய்?" என்று கேட்டார். அழுதுகொண்டே ஓட்டோ பிடித்துப் போய்விட்டார்.

அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு இது தெரியும், மறந்துவிட்டீர்கள். பாலமுனையில் ஸுஹைறா டொக்டரின் டிஸ்பென்சரி ஒரே அறை. அவருடைய தளம் மேசைக் கணினியில் இருக்கிற ஒரேயொரு கோப்பு. கரண்ட் போனாலும் மடிக்கணினியில் மாற்றிக்கொண்டு மருந்து எழுதுவார். தம்பிலுவில் டிஸ்பென்சரிக்கு, எங்களோடு வேலை செய்கிற சுஜிந்தன் பழைய சேர்வர் ஒன்றைத் திருத்தி இலவசத் தளம் போட்டுக் கொடுத்திருக்கிறான். கல்முனையில் றஸாக் டொக்டர் வசதியானவர், றஸ்மியின் கொம்பனியிடமே வாங்கியிருக்கிறார். அவரவரால் எதைக் கட்டிக் காக்க முடியுமோ அதை அவரவர் வைத்திருக்கிறார்கள். ஒரே தளம் என்று சட்டம் போட்டால் றஸாக் டொக்டருக்கு ஒன்றும் ஆகாது. ஸுஹைறா டொக்டர் திரும்பவும் கொப்பியில் கையால் எழுதத்தான் போவார்.

தொடக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிப் பிரதி எழுதி, ஒரு பிழையைத் திருத்த மூன்று ஊர் ஏறி இறங்கியது நினைவிருக்கிறதா? அந்த அலைச்சலில்தான் நடு அடுக்கு எழுதினோம். அதை வெட்டச் சொல்வதும் மென்பொருளின் கழுத்தை வெட்டச் சொல்வதும் ஒன்றுதான்.

வியாபாரத்தை இரண்டு பேரின் பெயரிலும் பதிய வேண்டும் என்று அன்று பிடிவாதம் பிடித்தவர் நீங்கள். அதற்கு இன்றைக்கும் உங்களுக்கு நன்றி. இரண்டு கையெழுத்து வேண்டும். என்னுடையது இல்லை.

நீங்கள் கோபப்படுவீர்கள். கோபப்பட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுக்க வேண்டாம்.

வஸ்ஸலாம்.
அன்பு மனைவி,
றுமானா


சாய்ந்தமருது,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உங்களுக்கு ஸபூரெனும் பொறுமையைத் தரட்டும். எனக்கும்தான்.

முதல் கடிதம் கண்டதும் போன் எடுத்து நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். யாரோ நாலு டொக்டர்மாரின் டிஸ்பென்சரி எனக்குப் பெரிதாகிவிட்டது, புருஷன் பாலைவனத்தில் காய்வது பெரிதில்லை என்றீர்கள். றஸ்மிக்கு முன்னால் உங்கள் முகத்தில் கரி பூசிவிட்டேன் என்றீர்கள். நான் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் றிபா என் மடியில் இருந்தாள். இப்போது சொல்கிறேன். பாலைவனத்தில் காய்கிற மனுஷனை எனக்குத் தெரியும். அந்த மனுஷன் பாலமுனைக்கு மோட்டார் சைக்கிளில் போய், ஒரு சதமும் வாங்காமல் ஸுஹைறா டொக்டருக்கு முதல் இணைப்பைப் போட்டுக் கொடுத்தவர். நான் அவரின் பக்கம் நிற்கிறேன். நீங்கள் அவருக்கு எதிராகக் கதைக்கிறீர்கள்.

உங்கள் போனுக்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். றஸாக் டொக்டருக்குக் கொம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. தரவுத்தள லைசன்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது, மென்பொருள்காரரோடு எங்கள் ஒப்பந்தம் முடிவான பிறகுதான் புதுப்பிப்பதைப் பற்றி யோசிப்போம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, நான் கையெழுத்து வைக்காவிட்டால் அவருடைய நோயாளிகளின் விபரமெல்லாம் பூட்டுக்குள். டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "இவங்கட சண்டைக்குள்ள என்ட நோயாளிய ஏன் இழுக்கிறாங்க? ஒன்னால என்ன ஏலும், சொல்லு மகள்" என்றார்.

வேறு தளத்துக்கு மாற்றலாம் என்றேன். ஒரு வருடம் பிடிக்குமா என்று கேட்டார். டிஸ்பென்சரி மூடியிருக்கிற வெள்ளிக்கிழமை ஒரு நாள் தாருங்கள் என்றேன். சொல்லிவிட்டேன், ஆனால் எனக்கே நிச்சயம் இல்லை. நடு அடுக்கு இதற்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே தவிர, ஓடிக்கொண்டிருக்கிற இடம் ஒன்றை அப்படியே தூக்கி இன்னொரு தளத்தில் வைத்தது இல்லையே.

வெள்ளிக்கிழமை காலையிலேயே சுஜிந்தன் தம்பிலுவிலிலிருந்து வந்துவிட்டான். விபரங்களைப் புதிய இலவசத் தளத்துக்கு ஏற்றினோம். ஜும்ஆ முடிந்து சனங்கள் வீடு திரும்புகிற நேரம், எந்தத் தளம் என்று சொல்கிற அந்த ஒரு வரியை மாற்றினேன். திறந்தது, மச்சான். ஒன்றுமே நடக்காத மாதிரி அதே திரை, அதே பெயர்கள், அதே மருந்துகள். சுஜிந்தன் கதிரையிலிருந்து எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி வந்து இருந்தான்.

ஆனால் எல்லாம் சரியில்லை. ஒவ்வாமைப் பகுதியில்தான் சிக்கல். தாதி கேட்டு, ஆள் ஒன்றும் இல்லை என்று சொன்னால், கேட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக எழுத்தே இல்லாத வெறுஞ்சொல் ஒன்றைப் பதிவோம். கேட்கவே இல்லையென்றால் ஒன்றையும் பதியாமல் விடுவோம். மற்றத் தளங்களில் இவை இரண்டும் வேறு வேறு. கொம்பனித் தளத்துக்கோ வெறுஞ்சொல்லும் ஒன்றும் இல்லாததும் ஒன்றுதான். இத்தனை காலமும் அங்கே இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்திருக்கிறது. ஆரைக் கேட்டார்கள், ஆரைக் கேட்கவில்லை என்று பிரித்துச் சொல்ல இனி ஒருவராலும் முடியாது.

சுஜிந்தன் களைத்துப் போயிருந்தான். "எல்லாத்துக்கும் இல்லை எண்டு போட்டுருவம் அக்கா. நாளைக்குக் காலையில ஆக்கள் வந்து நிப்பாங்க" என்றான். வேண்டாம் என்றேன். ஒவ்வாமை எழுதியிராத எல்லோருக்கும் "கேட்கவில்லை" என்று சிவப்பில் விழும்படி செய்தேன். இனி எந்தத் தளத்திலும் வெறுமையாக ஒன்றும் பதிய முடியாது. உண்டு, இல்லை, கேட்கவில்லை, மூன்றில் ஒன்றைச் சொன்னால்தான் நடு அடுக்கு ஏற்கும். நாங்கள் முதலிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை திரை முழுக்கச் சிவப்பைக் கண்டு றஸாக் டொக்டருக்குக் கோபம் வந்தது. கேட்டுக் கேட்டு வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. இரண்டு மூன்று பேர் ஏசிவிட்டுப் போனார்கள். மருதமுனையிலிருந்து நாச்சியா என்று ஒருவர் காலில் புண்ணோடு வந்தார். வழமையாக வருகிறவர். தாதி கேட்டதும், பென்சிலின் ஊசி ஒரு முறை போட்டு முகமெல்லாம் வீங்கி, மூச்சு எடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் இருந்ததாகச் சொன்னார். ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று டொக்டர் கேட்டார். "ஆரும் கேக்கல்லயே டொக்டர்" என்றார். டொக்டர் முதலே எழுதிக் கொடுத்திருந்த பென்சிலின் மருந்துத் துண்டைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதினார். அடுத்த ஆளிடம் ஒவ்வாமையைத் தானே கேட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நான் பதில் சொல்லாத இடத்தை நீங்கள் உங்களுக்கு விருப்பமானதைக் கொண்டு நிரப்பிவிட்டீர்கள். அவ்வளவுதான். ஆனால் அவ்வளவே போதும், மச்சான், ஒரு ஆளைக் கொல்ல.

எங்கள் நிக்காஹ் அன்று நான் உள்ளறையில் இருந்தேன். பதிவில் எனக்காக வாப்பா கையெழுத்து வைத்தார். சம்மதமா என்று வந்து கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. வெட்கப்படுகிற பிள்ளை என்று அதைச் சம்மதமாக எடுத்தார்கள். அது சம்மதம்தான். உங்களை எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடித்திருக்கிறது. ஆனால் என் மௌனத்தை ஓம் என்று எடுப்பது அந்த ஒரு நாளோடு முடிந்துவிட்டது. இனி என்னிடம் வாயால் கேட்க வேண்டும், நான் வாயால் சொல்ல வேண்டும். கணவனாக இருந்தாலும் அப்படித்தான்.

றஸ்மி நேற்று மறுபடி வந்தார். தொகையைக் கூட்டிச் சொன்னார். பிறகு, பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பிடிவாதம் கூடாது என்றார். இது உம்மா எனக்கு எழுதித் தந்த வீடு, இந்த வீட்டில் இருந்துகொண்டு அப்படிக் கதைக்க வேண்டாம் என்று சொன்னேன். எழும்பிப் போய்விட்டார். தேத்தண்ணி அப்படியே கிடந்தது.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நடு அடுக்கை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். ஆரும் எடுக்கலாம், திருத்தலாம், தங்கள் தளத்துக்கு ட்ரைவர் எழுதிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு ஒரு கொம்பனியாலும் அதைத் தனக்கென்று பூட்ட முடியாது. டிஸ்பென்சரிகளைப் பராமரிக்கிற வேலை எங்களுக்கு இருக்கும், சோற்றுக்கு அது போதும். சுஜிந்தன் எல்லாவற்றையும் ஆயத்தமாக்கி வைத்திருக்கிறான். ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது.

தட்டவில்லை. அதில் உங்கள் உழைப்பும் இருக்கிறது, உங்கள் பெயரும் இருக்கிறது. என்னைக் கேட்காமல் நீங்கள் செய்த மாதிரி, உங்களைக் கேட்காமல் நான் செய்ய மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள், திறக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எதை எழுதினாலும் கொம்பனிக்கு என் கையெழுத்து இல்லை. அந்தக் கதை முடிந்தது.

றிபாவுக்கு இரண்டாவது பல்லும் ஆடுகிறது. வாப்பா வந்து பிடுங்கட்டும் என்று ஒருவரையும் தொட விடுகிறாள் இல்லை. என்னைப் போல பிடிவாதம் என்று மாமி சொல்வார், என்னோடு கதைத்தால்.

அல்லாஹ் உங்கள் நெஞ்சை விசாலமாக்குவானாக.

உங்கள்,
றுமானா


சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் பதில் கிடைத்தது. இவ்வளவு நாள் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்துவிட்டு, "ஓம், திறந்து விடு. நான் யோசிச்சுத்தான் சொல்றன்" என்று ஒற்றை வரி. அந்த வரியைச் சுஜிந்தனுக்கும் காட்டினேன். அஸர் தொழுதுவிட்டு வந்து தட்டினேன். இப்போது அது உலகத்தில் கேட்கிறவர்களுக்கெல்லாம் உரியது.

உங்கள் மின்னஞ்சலோடு இன்னொன்றும் வந்திருந்தது. தோஹா வேலையில் நீங்கள் பயன்படுத்துகிற தரவுத்தளத்துக்கு நீங்களே ஒரு ட்ரைவர் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். வேலை முடித்து வந்த களைப்போடு இருந்து எழுதியிருப்பீர்கள் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கியது. பிறகு ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பிழை இருக்கிறது. திகதியில் நாளும் மாதமும் இடம் மாறி வருகின்றன. திறக்கிற இணைப்புகளை மூடாமல் விட்டிருக்கிறீர்கள். இங்கே இருந்த காலத்தில் அலுமாரியையும் அப்படித்தான் விடுவீர்கள். திருத்தி அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறேன். புருஷன் என்பதற்காகப் பிழையோடு சேர்க்க மாட்டேன்.

கொழும்புப் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். றஸ்மி மாமிக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். மாமி என்னோடு இன்னும் கதைக்கவில்லை. ஆனால் நேற்று ஆக்கிய மீன் ஆணத்தை றிபாவின் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். இரண்டு பேருக்குக் காணும் அளவு இருந்தது. பாத்திரத்தைக் கழுவி, அதில் கொஞ்சம் வட்டிலப்பம் வைத்துத் திருப்பி அனுப்பினேன். பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை, பார்ப்போம்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் நீங்கள் வருவீர்கள் என்று எழுதியிருந்த அந்த வரி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதை வேண்டாம் என்றவள் நான்தான். நாளைக்குக் கொண்டுவந்து நீட்டினாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதற்காக எனக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது.

பெருநாளைக்கு லீவு கேளுங்கள். தர மாட்டோம் என்பார்கள், போன முறையும் அப்படித்தான் சொன்னார்கள், நீங்களும் தலையாட்டிவிட்டு அங்கேயே இருந்துவிட்டீர்கள். இந்த முறை தலையாட்ட வேண்டாம். ஒரு தரம் நீங்களும் மறுத்துப் பாருங்கள், மச்சான். முதல் தடவை மட்டும்தான் கஷ்டம்.

அல்லாஹ் உங்கள் நாவுக்குப் பலம் தருவானாக, உங்கள் பயணத்தை இலேசாக்குவானாக. ஆமீன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
றுமானா